ஒரு முதற் படமும் பல தீர்ப்புகளும்

கவிஞன் ஒருவனுடைய முதல் நூலை எவரும் போற்றாது விட்டாலும் இரண்டாவது நூலை எழுத அவனுக்குத் தாளும் மையும் போதும். திரைப்படக் கலைஞனின் நிலை அவ்வாறானதன்று. அவனுடைய கலைக்குப் பெரும்பொருள் வேண்டும், கருவிகள் வேண்டும், பலருடைய உழைப்பும் ஒத்துழைப்பும் வேண்டும். முதற் படம் வீழ்ந்துவிட்டால் இரண்டாம் படத்துக்குப் பணம் தருவார் அரியர். ஆகவே, புதிய நெறியாளர் ஒருவரின் முதற் படத்தை விமர்சகரும் மக்களும் எவ்வாறு ஏற்றனர் என்பது வெறும் இரசனை பற்றிய கேள்வி மாத்திரமன்று. ஒரு கலைஞன் உருவாவானா, உருவாகாமலே மறைந்துவிடுவானா என்பதும் அதிலேயே தங்கியுள்ளது.

இதனைத் தெளிவாக உணர்த்துவது வங்காளத்தில் 1955ஆம் ஆண்டு வெளியான 'பதேர் பாஞ்சாலி' என்னும் படத்தின் வரலாறு. 'ஊர்ப்பாதையின் பாட்டு' என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். சத்தியஜித் ராய் நெறியாண்ட முதற் படம் அது. வறுமையில் வாடும் அந்தணக் குடும்பம் ஒன்றின் கதை; மிகச் சிறிய செலவில், பெரிய படநிறுவனம் எதனுடைய துணையுமின்றி எடுக்கப்பட்டது. உலகின் சிறந்த படங்களை வரிசைப்படுத்துவோர் இன்றும் அதனை மறப்பதில்லை.

அப்படத்தைப் பற்றிப் பரவலாக நிலவும் எண்ணம் ஒன்று உண்டு. இந்தியர் அதனை உணரத் தவறினர். மேனாட்டார் பரிசளித்த பின்னரே தாய்நாடு அதன் பெருமையை அறிந்தது என்பதே அந்த எண்ணம். நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையில் வைத்து நோக்கினால் இது முழு உண்மையன்று என்பது புலனாகும். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அதனைப் போற்றியவர் இருந்தனர். இரண்டு இடங்களிலும் அதனைத் தூற்றியவரும் இருந்தனர்.

விபூதிபூஷண் பந்தோபாத்தியாயர் எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவல் 1928ஆம் ஆண்டிலே பத்திரிகைத் தொடராக வெளிவந்து, 1929இல் நூலாயிற்று. வங்காள இலக்கியத்தில் அதற்கு அன்றே உயர்ந்த இடம் கிடைத்தது. பின்னர் அதன் சுருக்கப் பதிப்பு ஒன்றைச் சிறுவர்க்காக வெளியிட விரும்பிய பதிப்பாளர், அதற்குச் சித்திரம் தீட்டும் பணியை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தார். கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேய விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியாற்றிக்கொண்டிருந்த அவ்விளைஞரே சத்தியஜித் ராய். சித்திரங்களுக்காக அந்தக் கதையில் ஆழ்ந்தவரின் மனத்தில் அதனைப் படமாக்கும் ஆசையும் வேரூன்றியது.

ராய் படம் எடுப்பதற்கு முன்னரே படங்களை ஆராய்ந்தவர் என்பது இங்கே நினைவில் வைக்கத்தக்கது. 1947ஆம் ஆண்டில் சிதானந்த தாஸ்குப்தர் முதலிய நண்பர்களுடன் கூடிக் கல்கத்தா திரைப்படச் சங்கத்தை அவர் நிறுவினார். அடுத்த ஆண்டு 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இந்தியப் படங்களின் குறைகள் யாவை என்பது பற்றிக் கட்டுரை எழுதினார். பிரெஞ்சு நெறியாளர் ழான் ரெனுவார் தமது 'நதி' என்னும் படத்துக்கு இடம் தேடி வங்காளம் வந்தபோது, அவருக்கு வழிகாட்டும் வாய்ப்பும் ராய்க்குக் கிடைத்தது. 1950இல் அலுவலக வேலையாக இலண்டன் சென்று சில மாதங்கள் தங்கியிருந்த காலத்தில் ஏறத்தாழ 100 படங்களைப் பார்த்தார். அவற்றுள் ஒன்று இத்தாலிய நெறியாளர் விட்டோரியோ டி சிக்கா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்'. தொழில்முறை நடிகர் இன்றி, ஒப்பனை அரங்கு இன்றி, தெருவிலே கமராவை வைத்து உயர்ந்த கலையைப் படைக்கலாம் என்பதை அந்தப் படம் அவருக்குக் காட்டிற்று. நாடு திரும்பும் கப்பலிலேயே தமது படத்துக்கான குறிப்புகளை அவர் எழுதத் தொடங்கினார்.

எண்ணம் பிறந்ததே அன்றிப் பணம் பிறக்கவில்லை. ஆடலும் பாடலும் காதலும் இல்லாத கதை, அனுபவமற்ற நெறியாளர், ஒளிப்பதிவாளராக முன்வந்த சுப்ரதா மித்ரா 21 வயதினர், அதற்கு முன் படமெடுக்கும் கமராவைக் கையாண்டறியாதவர். இத்தகைய கூட்டத்தை நம்பி முதலீடு செய்யத் தயாரிப்பாளர் எவரும் முன்வரவில்லை. ஆகவே ராய் தம் கைப்பொருளைக் கொண்டே தொடங்கினார். 1952ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் நாள் முதற் காட்சி படமாக்கப்பட்டது. அக்காவும் தம்பியும் நாணற்பூ வெளியிலே நடந்து சென்று புகையிரதத்தைக் காணும் காட்சி அது. அலுவலக வேலையை விடாது, விடுமுறை நாள்களில் மாத்திரமே படம் பிடித்தனர். அடுத்த ஞாயிறு அதே இடத்துக்குச் சென்றபோது நாணற்பூக்களை மாடுகள் மேய்ந்து முடித்திருந்தன. காட்சியின் எஞ்சிய பகுதிக்காக மீண்டும் அவை பூக்கும் பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பின்னர்க் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள போரல் என்னும் கிராமத்தில் படப்பிடிப்பு நடந்தது. ராய் தமது ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தை ஈடுவைத்தார். அருமையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். மனைவி பிஜோயாவின் நகைகளும் அடகுக்குச் சென்றன. அவையும் தீர்ந்தபோது ஏறத்தாழ ஓராண்டு காலம் படப்பிடிப்பே நின்றது. அக்காலத்தில் தம்பியாக நடித்த சிறுவனின் குரல் உடையவில்லை. அக்காவாக நடித்த சிறுமி வளர்ந்துவிடவில்லை. கிழவியாக நடித்த எண்பது வயது சுனிபாலா தேவி இறக்கவில்லை. இம்மூன்று அற்புதங்களுமே படத்தைக் காப்பாற்றின என்று ராய் பின்னாளில் கூறினார்.

இறுதியில் மேற்கு வங்க முதலமைச்சர் டொக்டர் பிதான் சந்திர ராயின் அரசாங்கம் உதவியது. கிராம முன்னேற்றத்தை எடுத்துக்காட்டும் செய்திப்படம் போன்றதொன்று என அதிகாரிகள் எண்ணினர். பெயரிலே 'பாதை' இருந்தமையால் அரசாங்கக் கணக்கேட்டில் இப்பணம் வீதி அபிவிருத்திச் செலவாகப் பதியப்பட்டது என்ற செய்தி, ராயின் வரலாற்றில் மறவாது சொல்லப்படுவது. மொத்தச் செலவு ஏறத்தாழ 150,000 ரூபாய்.

படம் முற்றுப்பெறு முன்னரே அதற்கு முதல் விமர்சகர் தோன்றினார். நியூயோர்க் நகரின் நவீன கலை நூதனசாலையைச் சேர்ந்த மொன்றோ வீலர், இந்தியக் கலைகள் பற்றிய கண்காட்சி ஒன்றுக்குப் பொருள் தேடி 1954இல் கல்கத்தா வந்தார். படத்தின் சில நிழற்படங்களை மட்டும் கண்ட அவர், அதனைத் தமது கண்காட்சிக்கு அழைத்தார். சில மாதங்களின் பின் அமெரிக்க நெறியாளர் ஜோன் ஹஸ்டன் வேறு காரியமாக இந்தியாவுக்கு வந்தபோது, ஒலி சேர்க்கப்படாத சில பகுதிகளைப் பார்த்துவிட்டு வீலருக்கு நல்வாக்குச் சொன்னார். அதன்மேல் வேலை துரிதமாயிற்று. சிதார் மேதை ரவி சங்கர் ஒரே அமர்வில், ஏறத்தாழ 11 மணி நேரத்துள், இசையமைத்து முடித்தார். 1955ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், மொழிபெயர்ப்பு வரிகள் எவையுமின்றி, வங்காளமொழி அறியாத நியூயோர்க் சபையோர் முன்னே படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. சபையோர் அதனை மகிழ்ந்து ஏற்றனர். ஆனால் அது நூதனசாலையிலே கூடிய ஒரு சிறு கூட்டம். பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கும் மக்களின் தீர்ப்பு இனித்தான் வரவேண்டியிருந்தது.

தாய்நாட்டிலே முதற் காட்சி கல்கத்தா விளம்பரத் தொழிலாளர் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நடைபெற்றது. அங்கிருந்தவர் ராயின் தொழிலையே தம் தொழிலாகக் கொண்டவர்கள். ஆயினும் வரவேற்பு நன்றாக அமையவில்லை. ராய் மிகவும் மனந்தளர்ந்தார். 1955ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் கல்கத்தாவின் பசுஸ்ரீ படமாளிகையில் படம் வெளியாயிற்று. ராய் தாமே வரைந்த பெரிய விளம்பரப் பலகைகள் நகரின் முக்கிய சந்திகளில் நின்றன. அவ்வாறிருந்தும் தொடக்க நாள்களில் ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன.

பின்னர் நிலைமை மாறியது. பார்த்தவர் பாராதவர்க்குச் சொன்னார்கள். வாய்ச்சொல்லாகப் பரவிய புகழ் ஓரிரு வாரங்களில் மாளிகையை நிரப்பியது. இந்த மாற்றத்தை விளைவித்தது வெளிநாட்டுப் பரிசன்று. கான் நகர விழாவுக்கு அப்போது இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. பசுஸ்ரீயில் ஒப்பந்தக் காலம் முடிந்து படத்தை எடுத்துவிட நேர்ந்தபோது, வேறொரு மாளிகையில் அது மேலும் ஏழு வாரங்கள் ஓடியது.

பசுஸ்ரீயில் அதற்குப்பின் திரையிட ஏற்பாடாகியிருந்தது, தமிழகத்தின் ஜெமினி ஸ்ரூடியோ அதிபர் எஸ். எஸ். வாசன் எடுத்த 'இன்சானியத்' என்னும் ஹிந்திப் படம். 'சந்திரலேகா'வைப் பெருஞ்செலவில் எடுத்துப் புகழ்பெற்ற வாசன், 'பதேர் பாஞ்சாலி'யைப் பார்த்த பின் ராயை அவர் வீட்டுக்கே தேடிச் சென்றார் என்றும், முன்னரே இதனை அறிந்திருந்தால் தமது படத்தைத் தள்ளிப் போட்டிருப்பேன் என்று கூறினார் என்றும் ராயின் வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். வாசன் எடுத்த படங்களும் ராயின் படமும் ஒன்றுக்கொன்று முற்றும் மாறானவை. தம் வழிக்கு எதிரான வழியிலே பிறந்த கலையையும் மதிக்கத் தெரிந்த அவரது உள்ளம் போற்றற்குரியது. பத்திரிகைகளிற் பல, இதனை மற்றைய இந்தியப் படங்களோடு ஒப்பிடுவதே பொருந்தாது என்னும் அளவுக்குப் புகழ்ந்தெழுதின.

ஆனால் கல்கத்தாவில் எழாத ஒரு கேள்வி ஆட்சியாளர் மத்தியில் எழுந்தது. இந்தியாவின் வறுமையைக் காட்டும் இப்படத்தை அந்நிய நாடுகளுக்கு அனுப்பலாமா என்பதே அக்கேள்வி. சுதந்திரம் பெற்று எட்டே ஆண்டுகள் கழிந்திருந்தன. அணைகளும் ஆலைகளும் எழுந்துகொண்டிருந்த காலத்தில், இடிந்த வீட்டையும் பசித்த வயிற்றையும் உலகுக்குக் காட்டுவது நாட்டுக்கு இழுக்கு என்று சிலர் அஞ்சினர். அந்த அச்சம் முற்றிலும் பொருளற்றது என்று தள்ளிவிடுவதற்கில்லை. நீண்டகாலம் அந்நியரின் இகழ்ச்சிக்கு ஆளான நாடு தன் குறையைத் தானே வெளியிடத் தயங்குவது இயல்பே. ஆயினும் பிரதமர் ஜவஹர்லால் நேரு படத்தின் பக்கமே நின்றார். அவரது இசைவுடன் 1956ஆம் ஆண்டு அது பிரான்சின் கான் நகரப் படவிழாவுக்குச் சென்றது. 1955ஆம் ஆண்டின் இந்தியப் படங்களுள் சிறந்ததற்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் அதற்கே கிடைத்தது.

கான் நகரிலே நிகழ்ந்ததை வெற்றி என்று மட்டும் சொல்லிவிடுதல் கூடாது. அது ஏறத்தாழத் தோல்வியாகவே முடிந்திருக்கும். விழாவின் இறுதியை அண்மித்த வேளையிலே படம் காட்டப்பட்டது. அதே நேரத்தில் யப்பானியக் குழுவினர் விருந்தொன்றை நடத்தினர். களைத்திருந்த விமர்சகர் பலர் விருந்துக்குச் சென்றுவிட்டனர். மேலும் ஓர் இந்திய அழுகைப் படம்தானே என்று வராது விட்டவரும் உளர். பின்னாளில் நெறியாளராகப் புகழ்பெற்ற பிரான்சுவா த்ருஃபோ, கையால் உணவுண்ணும் குடியானவரைப் பற்றிய படத்தைப் பார்க்கத் தமக்கு விருப்பமில்லை என்று கூறியதாகவும் பரவலாகச் சொல்லப்படுகின்றது. இதற்கு மாறாகப் படத்தைப் பார்த்த ஒரு சிலர் அதன் ஆற்றலால் ஈர்க்கப்பட்டனர். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பசான், ஆங்கிலேயரான லின்ட்சே அண்டர்சன் முதலியோர் அதனை மீண்டும் காட்டவேண்டுமென்று வற்புறுத்தினர். இரண்டாம் முறை காட்டப்பட்டது. நடுவர் குழு அதற்குச் 'சிறந்த மானுட ஆவணம்' என்னும் பரிசை வழங்கியது.

தலையாய பரிசு அவ்வாண்டு 'மௌன உலகம்' என்னும் கடலடிப் படத்துக்கே சென்றது. ராயின் படத்துக்குக் கிடைத்த பரிசின் பெயரும் கவனிக்கத்தக்கது. 'ஆவணம்' என்னும் சொல், உள்ளதை உள்ளவாறு பதிந்த சான்று என்ற கருத்தைத் தருவது. கமராவை வைத்ததும் கிராமம் தானாகவே வந்து பதிந்துவிட்டதுபோன்ற எண்ணம் அதிலே தொனிக்கின்றது. காட்சி ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஓவியமாகத் தீட்டி, ஒலியையும் ஒளியையும் நிறுத்துப் பார்த்து அமைத்த கலைஞனின் உழைப்பு அந்தப் பெயரிலே மறைந்துபோயிற்று. பாராட்டினோர் சிலரும் அரைகுறையாகவே புரிந்துகொண்டனர் என்பதற்கு இதுவே சான்று.

வரிகள் சேர்க்கும் வேலை தாமதமானதால் 1957ஆம் ஆண்டு டிசம்பரிலேயே படம் பிரித்தானியாவில் வெளியாயிற்று. 1958ஆம் ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க் படமாளிகைக்கு வந்தது. 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் விமர்சகர் பொஸ்லி குறோதர் அக்காலத்தில் மிகுந்த செல்வாக்குடையவர். இத்துணை தளர்ந்த அமைப்பும் மந்தமான ஓட்டமும் கொண்ட படத்தை ஹொலிவூட்டின் தொகுப்பாளர்கள் செம்மைப்படுத்தாத முதற் பிரதியாகக்கூட ஏற்பது அரிது என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். ஆயினும் படம் செல்லச் செல்ல அதன் துயரமும் கவித்துவமும் சிறிது சிறிதாக நெஞ்சிற் படிவதை அவரும் ஒப்புக்கொண்டார். அவரது குறை கூறல் மக்களைத் தடுக்கவில்லை. ஐந்தாம் நிழற்சாலையிலிருந்த அச்சிறு படமாளிகையில் எட்டு மாதங்கள் படம் தொடர்ந்து ஓடியது. அம்மாளிகையின் வரலாற்றில் அத்துணை நாள் வேறெப்படமும் ஓடியதில்லை. அந்த வருவாய் மேற்கு வங்க அரசாங்கத்துக்கே சென்றது.

இவ்விமர்சனங்களைத் தொகுத்து நோக்கினால், படத்தின்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் இரண்டே எனலாம். கதையோட்டம் மந்தமானது என்பது ஒன்று; வறுமையைக் கடைவிரிக்கின்றது என்பது மற்றொன்று.

மந்தம் என்னும் குற்றச்சாட்டு நாவலின் இயல்பை நினையாமல் எழுந்தது. விபூதிபூஷணரின் கதை ஊர்ப்பாதை போன்றே வளைந்து வளைந்து செல்வது. வங்காளக் கிராமத்தின் வாழ்வும் அவ்வாறே செல்வது என்பதால் அத்தன்மையை ராய் வேண்டுமென்றே காத்துக்கொண்டார். மேலும், படம் மெதுவாகச் செல்கின்றதே அன்றித் தளர்ந்து செல்லவில்லை. அயல்வீட்டுப் பெண்ணின் மணிமாலையைத் துர்க்கை திருடிவிட்டாள் என்று பழி எழுகின்றது. அவள் மறுக்கின்றாள், தாய் அவளை அடித்துத் துரத்துகின்றாள். அதன்பின் அம்மாலையைப் பற்றிய பேச்சே இல்லை. மழையில் நனைந்து சுரம் கண்டு துர்க்கை இறக்கின்றாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் நாளிலே, தம்பி அப்பு பழைய சிரட்டை ஒன்றினுள் அந்த மாலையைக் காண்கின்றான். ஒருவரிடமும் சொல்லாது ஓடிச்சென்று குளத்தில் எறிகின்றான். பாசி விலகி, மாலையை விழுங்கி, மீண்டும் மூடிக்கொள்கின்றது. அக்காவின் இரகசியத்தைத் தம்பி காத்துவிட்டான். ஒரு சொல்லும் பேசப்படாத இக்காட்சி நெஞ்சைத் தொடுவதற்கு, இடையிலே கழிந்த அத்தனை நேரமும் வேண்டியிருந்தது. விரைந்து ஓடும் படத்தில் அந்த மாலையைப் பார்வையாளர் மறந்தே போயிருப்பர். மறந்தபின் கண்டெடுப்பதற்கு எதுவுமில்லை.

வறுமை பற்றிய குற்றச்சாட்டு இதனினும் கனமானது. 1980ஆம் ஆண்டிலும், அப்போது இந்தியப் பாராளுமன்றத்தின் மேற்சபை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், ராய் இந்தியாவின் வறுமையை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கின்றார் என்று கண்டித்தார். படம் வெளியாகிக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரும் வழக்கு முடியவில்லை என்பதை இது காட்டுகின்றது. அதற்கு விடையைப் படத்திலேயே தேடவேண்டும். தாய் சர்வஜயா நல்லவள். ஆயினும் தன் பிள்ளைகளுக்கே சோறு போதாத வீட்டில், ஒட்டிக்கொண்டிருக்கும் கிழவி இந்திரைச் சுடுசொல்லால் விரட்டுகின்றாள். கிழவி மூங்கிற்காட்டிலே அநாதையாக இறக்கின்றாள். வறுமை உடலை வருத்துவதோடு நில்லாது உள்ளத்து அன்பையும் சுருக்கிவிடும் என்னும் உண்மை இங்கே காட்டப்படுகின்றது. அதே வீட்டில் பிள்ளைகள் சிரிக்கின்றார்கள்; இனிப்புக்காரன் பின்னே ஓடுகின்றார்கள்; மழையில் ஆடுகின்றார்கள். இரக்கத்தை யாசிப்பதே படத்தின் நோக்கமாயின் சர்வஜயாவின் கொடுமைக்கும் பிள்ளைகளின் களிப்புக்கும் அதிலே இடமிருந்திராது. தந்தை ஹரிஹரன் பட்டணத்திலிருந்து மகளுக்குச் சேலை வாங்கிவந்து நீட்டும்போது தாய் கதறுகின்றாள். அந்தக் கதறல் ஒலியாகக் கேட்பதில்லை. தார் ஷெனாய் என்னும் வாத்தியத்தின் உச்சக் குரலே கேட்கின்றது. வறுமையை விற்க வந்த வணிகன் அந்த அழுகையை அடக்கியிருக்கமாட்டான்.

முதற் படத்துக்குக் கிடைத்த வரவேற்பின் பயன் என்ன என்பதை அடுத்த படத்தின் வரலாறு கூறும். 'பதேர் பாஞ்சாலி'யின் வெற்றியாலேயே அதன் தொடர்ச்சியான 'அபராஜிதோ'வை 1956இல் ராய் எடுக்க முடிந்தது. அந்த இரண்டாம் படத்தைக் கல்கத்தா மக்கள் ஏற்கவில்லை. ஆயின் 1957ஆம் ஆண்டு வெனிஸ் நகர விழாவில் அதற்குத் தலையாய பரிசான தங்கச் சிங்கம் கிடைத்தது. முதற் படத்தை உள்ளூர் இரசிகர் தாங்கினர். இரண்டாவதை வெளியூர் நடுவர் தாங்கினர். 1959இல் வெளிவந்த 'அபுர் சன்சார்' மூன்று பாகக் கதையை நிறைவுசெய்தது. இரு தாங்கல்களில் ஒன்று தவறியிருந்தாலும் அந்த நிறைவு ஐயத்துக்குரியதே.

இலங்கையிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இத்தகைய சோதனை ஒன்று நடைபெற்றது. தென்னிந்திய ஸ்ரூடியோக்களையும் அவற்றின் பாணியையும் சார்ந்தே சிங்களப் படங்கள் வெளிவந்துகொண்டிருந்த நாளில், அரசாங்கப் படப் பிரிவிலிருந்து விலகிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், தொகுப்பாளர் டைற்றஸ் தொட்டவத்த ஆகியோருடன் கூடி, கிராமத்து வெளியிலே 'ரேகாவ' படத்தை எடுத்தார். 1956ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அது வெளியாயிற்று. 1957இல் கான் நகர விழாவின் போட்டிக்கும் சென்றது. விமர்சகர் போற்றினர், ஆனால் பணவரவு ஏமாற்றமளித்தது. பீரிஸ் தமது அடுத்த படமான 'சந்தேசய'வை 1960ஆம் ஆண்டிலேயே வெளியிட முடிந்தது. கல்கத்தாவிலே ஓரிரு வாரங்களில் நிகழ்ந்த வாய்ச்சொல்லின் மாற்றம் எல்லா ஊர்களிலும் எல்லாப் படங்களுக்கும் நிகழ்வதில்லை என்பதற்கு 'ரேகாவ' சான்று.

ராய் 1992ஆம் ஆண்டு காலமானார். அடுத்த ஆண்டு இலண்டன் படச்சாலை ஒன்றிலே மூண்ட தீ, 'பதேர் பாஞ்சாலி'யின் மூலச்சுருள்களைக் கருக்கியது. கருகிய சுருள்களை எறிந்துவிடாமல் பாதுகாத்து வைத்தனர். பல ஆண்டுகளின் பின் இத்தாலியின் பொலோஞா நகர நிபுணர்கள் அச்சுருள்களிலிருந்து மீட்க முடிந்தவற்றை மீட்டு, எஞ்சியவற்றை வேறு பிரதிகளால் நிரப்பினர். புதுப்பிக்கப்பட்ட படம் 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், சரியாக 60 ஆண்டுகளின் பின், அது முதன்முதல் காட்டப்பெற்ற அதே நியூயோர்க் நூதனசாலையிலே மீண்டும் காட்டப்பட்டது.

விமர்சகர் பிழைபடுதல் உலகியல்பு. விளம்பரத் தொழிலாளரும் பிழைபட்டனர், குறோதரும் பிழைபட்டார். பிழைபட்டவர்களுக்கு நடுவே, பார்த்ததைப் பிறருக்குச் சொன்ன கல்கத்தா இரசிகரும், இன்னொருமுறை காட்டுங்கள் என்று கேட்ட ஒரு சில விமர்சகரும் இருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு. புதியவர் ஒருவரின் முதற் படைப்பு வெறுமையான ஆசனங்களுக்கு முன்னே ஓடும்போது, அதனை இறுதிவரை இருந்து பார்க்கும் பொறுமையும், பார்த்தபின் நேர்மையாகப் பேசும் துணிவும் எந்த நாட்டு இரசிகர்க்கும் வேண்டப்படுவன.